உக்கடத்துல 6,500 ரூவாய்க்கு வாங்குன பழைய வின்ச்

போன வருசம் ஆடி மாசம் ஜீப்புக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒண்ணு ஒடஞ்சு போச்சுன்னு கோயமுத்தூர் உக்கடத்துக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போனேனுங்க. பட்டை கெடைக்கல. ஆனா ரேடியேட்டர் குமிச்சு வெச்சிருந்த மூலையில அடியில ஒரு வின்ச், அதான் வண்டியில மாட்டிக் கயித்துல இழுக்கற மோட்டார் உருளை, கெடந்துச்சு, பாதி மண்ணு பாதி துரு, சுத்தியிருந்த கம்பிக்கயிறு முள்ளு முள்ளா நிக்குது, கையை வெச்சா கிழிச்சிரும். வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட் வண்டியில கழட்டுனதுன்னு கடைக்காரர் சொன்னாரு, நெசமோ பொய்யோ. கம்பெனி பேரு தேஞ்சு போயி, தகட்டுல 12 வோல்ட்டு, 9000 அப்படிங்கறது மட்டும்தான் தெரிஞ்சுது. 9000-ன்னா பவுண்டு, நம்ம கணக்குல 4,080 கிலோ சொச்சம். பத்தாயிரத்துல ஆரம்பிச்சாரு, ரெண்டு டீ குடிச்சு 6,500-க்கு முடிச்சு வண்டியில ஏத்திட்டு வந்துட்டேன். வீட்டுல, "பட்டை வாங்கப் போன மனுசன் பாறாங்கல்லை வாங்கிட்டு வந்திருக்காரு"ன்னு ஒரு வாரம் சொல்லிக் காட்டுனாங்க.

வாங்குனதுக்குக் காரணம் இருக்குதுங்க. நம்ம தோட்டம் கவுந்தப்பாடிக்கு அக்கட்ட, தோட்டத்துக்குப் போற தடம் ஒரு இட்டேரி, ரெண்டு பக்கமும் வேலி வெச்ச மண் தடம். ஆகஸ்ட் 15 வாக்குல கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி தெறந்தாப் போதும், கசிவு வந்து அந்த இட்டேரி முழங்கால் சேறாயிரும். கரும்பு வண்டி, தேங்காய் ஏத்துன டெம்போ, என்ர பழைய எம்எம் 540 ஜீப்பு எல்லாம் அங்கதான் பொதையும். ஒவ்வொருக்காவும் டிராக்டர்க்காரரைக் கூப்பிட்டுக் கெஞ்சறது எனக்குப் புடிக்கல. பத்தாததுக்கு என்ர அப்பாரு மாடு கட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கற கவலை ஓட்டுனவரு, வடம், கப்பி, சால்னு கேட்டே வளந்தவன், கயித்துல இழுக்கற வேலைன்னா எனக்கு ஒரு இது.

புதுசு வாங்கலாம்தான், ஆனா நம்மளே கழட்டிப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியும், நட்ட நடுச் சேத்துல நின்னு போனா என்ன பண்றதுன்னும் தெரியும். இப்படிச் சொல்லித்தான் வீட்டுல சமாளிச்சேன்.

கழட்டறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது மூணே மூணு. மொதல்ல போட்டோ, எல்லாப் பக்கமும், பாப்பாகிட்ட போனைக் குடுத்து எடுக்கச் சொன்னேன். ரெண்டாவது சென்டர் பஞ்ச் வெச்சு மோட்டார் பக்கம் ஒரு புள்ளி, கியர்பாக்ஸ் பக்கம் ரெண்டு புள்ளின்னு மூடிக்கும் ஒடம்புக்கும் சேத்து அடிச்சு வெச்சுக்கணும், இல்லீன்னா திருப்பி மாட்டறப்ப எந்த ஓட்டை எதுக்குன்னு மண்டை காஞ்சிரும். மூணாவதுதான் நெம்ப முக்கியம், ஆலன் போல்ட்டு தலைக்குள்ள இருக்கற மண்ணை ஊசியில கிளறி எடுத்துட்டு, ஆலன் கீயை உள்ள வெச்சு சுத்தியில ரெண்டு தட்டு தட்டி அப்புறம்தான் திருப்பணும். நான் அவசரப்பட்டு மொத போல்ட்டுலயே தலையை வழிச்சுட்டேன், அப்புறம் மச்சான் லேத்துப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயி நட்டு வெல்டு வெச்சு எடுத்தோம். வெல்டு சூட்டுலயே மத்த போல்ட்டும் எளகிக் குடுத்துருச்சு, அது ஒரு அதிர்ஷ்டம்.

உள்ள பாத்தா அமைப்பு ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. ஒரு பக்கம் மோட்டார், மறு பக்கம் கியர்பாக்ஸ், நடுவுல டிரம்மு. மோட்டாரோட சுத்து டிரம்முக்குள்ளயே ஒரு அறுகோணத் தண்டு வழியாப் போயி அக்கட்ட இருக்கற கியர்பாக்ஸுல சேந்து, அங்க மூணு அடுக்கு பிளானட்டரி கியர்ல வேகம் கொறஞ்சு பலம் ஏறி, திரும்பி டிரம்மைச் சுத்துது. நடுவுல ஒரு சின்னப் பல்லு, சுத்தியும் மூணு பல்லு, அதுக்கு வெளிய ஒரு வளையப் பல்லு, இது மாதிரி மூணு செட்டு. தண்ணி பூந்து பழைய கிரீஸு பில்டர் காப்பி கலருக்கு மாறி, செத்த எலி நாத்தம். நல்ல வேளை பல்லுல சேதாரம் இல்லை, ஒரு ஊசி ரோலர் மட்டும் துருப்புடிச்சு குழி விழுந்திருந்துச்சு. பொடக்காலியில பழைய வேட்டி விரிச்சு டீசல்ல கழுவி, கழட்டுன வரிசைப்படியே வெச்சேன். ஊசி ரோலர் வேட்டியில விழுந்தா கண்ணுக்குத் தெரியும், சிமெண்டுத் தரையில விழுந்தா அது உங்களுது இல்லை.

அடுத்தது மோட்டார். பேட்டரி குடுத்தா சொலனாய்டு, அதான் மோட்டாருக்குக் கரண்டை வுடற காந்த சுவிட்சு, "டக்"குங்குது, மோட்டார் அசையல. இது சீரிஸ் மோட்டாருங்க, லாரி செல்ப் மோட்டாருக்குக் கூடப் பொறந்த அண்ணன்னு வெச்சுக்கலாம். நம்ம ஊருல சப்மெர்சிபிள் வைண்டிங் கடை தெருவுக்கு நாலு இருக்கு, ஆனா அவிங்ககிட்ட போகாதீங்க, இது டிசி வேலை, லாரி செல்ப் டைனமோ பாக்கற ஆட்டோ எலக்ட்ரீசியன்தான் சரியான ஆளு. ஈரோட்டுல ஒரு அண்ணன்கிட்ட ஆர்மேச்சரை, அதான் மோட்டாருக்குள்ள சுத்தற பாகத்தைக் குடுத்தேன், குரோலர்ங்கற சோதனை மிசின்ல வெச்சு ரம்பத் தகடைப் புடிச்சுப் பாத்துட்டு, ஷார்ட்டு இல்லை தம்பி, கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசற காப்பர் வளையம்) மட்டும் லேத்துல ஒரு முடி கடைஞ்சு, காப்பர் பட்டைக்கு நடுவுல இருக்கற மைக்காவை ரம்ப பிளேடால கொஞ்சம் பள்ளம் எடுத்துரு, பிரஷ் மாத்துன்னாரு. பிரஷ்ஷுலதான் நிறைய பேரு ஏமாந்து போறது. மிக்சி, கிரைண்டருக்கு வர்ற கறுப்பு கார்பன் பிரஷ்ஷை அளவுக்குத் தேச்சுப் போட்டா ஓடும், ஆனா ரெண்டு இழுவையில கருகிரும். 12 வோல்ட்டுல நானூறு ஆம்ப் போற எடத்துக்கு செம்பு கலந்த பிரஷ்தான் தாங்கும், பாத்தாலே செம்பு கலர்ல மினுக்கும். லாரி செல்ப் பிரஷ் வாங்கி அளவுக்குத் தேச்சேன். கம்யூட்டேட்டரோட வளைவுக்குப் பிரஷ் உக்கார உப்புத்தாளைத்தான் சுத்தி வெச்சுத் தேய்க்கணும், எமரி வேண்டாம், அதோட பொடி கரண்டு கடத்தும், பட்டைக்கு நடுவுல போயி உக்காந்துக்கும்.

ஒரு கோமாளித்தனம் பண்ணுனேன், அதையும் சொல்லிடறேன். மோட்டாரைச் சேத்து முடிச்ச குஷியில, வைஸுல புடிக்காம மேசை மேல சும்மா வெச்சு பேட்டரி வயரைத் தொட்டேன். ஒரே ஒரு நொடிதான். தவ்வி, உருண்டு, மேசையை விட்டு விழுந்து, வயரைப் புடுங்கிட்டு நாய்த் தட்டு மேல போயி நின்னுச்சு. நாய் ரெண்டு நாளு அந்தப் பக்கமே வரல. சீரிஸ் மோட்டாருக்கு லோடு இல்லீன்னா வேகத்துக்கு அளவே இல்லை, வைஸுல இறுக்கிக் கட்டி ஒரு நொடி ரெண்டு நொடி பாத்தாப் போதும்.

சொலனாய்டு நாலுல ஒண்ணு உள்ள ஒட்டிப் போயிருந்துச்சு, காயிலுக்கு கரண்டே குடுக்காம மீட்டர் வெச்சா பீப் அடிக்குது. இது எவ்வளவு ஆபத்துன்னு யோசிங்க, நீங்க பட்டனை விட்டாலும் வின்ச் நிக்காது, கயிறு அறுந்தாலோ கை மாட்டுனாலோதான் நிக்கும். அதனால நாலையும் தூக்கிப் போட்டுட்டு அந்த நாலு வேலையையும் செய்யற, ஒரே டப்பாவா வர்ற கான்டாக்டர் வாங்குனேன், அதுக்கும் மேல லாரிக்கு வர்ற பேட்டரி கட்-ஆப் சுவிட்சு ஒண்ணைக் கைக்கு எட்டற எடத்துல வெச்சேன். வேலை இல்லாதப்ப அது எப்பவும் ஆப்புலதான்.

வயர் வெஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 12 வோல்ட்டு 400 ஆம்ப்னா 4,800 வாட்டு. நடுவுல ஒரு லக்கு (வயர் முனையில மாட்டற காதுத் தகடு) லூசா இருந்து வெறும் 5 மில்லி ஓம் தடை வந்தாலும் அங்கயே 2 வோல்ட்டு போயிரும், 800 வாட்டு சூடு அந்த ஒரு எடத்துல, இஸ்திரிப் பெட்டியை போல்ட்டு மேல வெச்ச மாதிரி. நான் 50 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிள் போட்டேன், லக்கை சுத்தியில நசுக்காம ஹைட்ராலிக் கிரிம்பர் வாடகைக்கு எடுத்து அழுத்துனேன். எர்த்தும் சேஸிஸுல குடுக்காம நேரா பேட்டரிக்கே. இன்னொண்ணு, என்ர வண்டி ஆல்டர்நேட்டர் 35 ஆம்ப்தான். ஒரு நிமிசம் முழு இழுவை இழுத்தா அதை பேட்டரிக்குத் திருப்பிக் குடுக்க பதினோரு நிமிசத்துக்கு மேல இன்ஜின் ஓடணும். அதனால ஒரு நிமிசம் இழு, அப்புறம் மோட்டாரைத் தொட்டுப் பாரு, சித்த நேரம் வுடு, அப்படித்தான்.

இப்ப வர்றேன் நான் பண்ணுன பெரிய தப்புக்கு.

எல்லாத்தையும் சேக்கறப்ப புது லித்தியம் கிரீஸு டப்பா கையில இருக்கு, மனசெல்லாம் பூரிப்பா இருக்கு, கியருக்கு வெச்சேன், புஷ்ஷுக்கு வெச்சேன், அறுகோணத் தண்டுக்கு வெச்சேன், டிரம்முக்குள்ள இருந்த அந்தக் கட்டை மாதிரி சாமானுக்கும் "பாவம் காஞ்சு கெடக்குது"ன்னு நல்லா அப்பி வெச்சேன். அதுதாங்க பிரேக்கு.

சோதனை பண்ண ஒரு ஞாயித்துக்கெழமை வெடியால, குட்டைக் கரைச் சரிவுல டிராக்டர் டிரெய்லர்ல பத்து மூட்டை உரம் ஏத்தி நிறுத்தி, ஜீப்பை மேல மரத்துல சங்கிலி போட்டுக் கட்டிட்டு, கயித்தை மாட்டி இழுத்தேன். என்னா அழகா வந்துச்சு தெரியுங்களா, முக்காம சொணங்காம ஏறுது. பாதித் தூரத்துல பட்டனை விட்டேன். டிரெய்லர் நிக்கல. மெதுவா, ஒரு சத்தமும் இல்லாம, பின்னாடி எறங்க ஆரம்பிச்சுது, டிரம்மு தானா தலைகீழா சுத்துது. பக்கத்துத் தோட்டத்து மாமா பழைய ஆளு, ஏறுறப்பவே டயருக்குப் பின்னால கல்லை நகத்தி நகத்தி வெச்சுக்கிட்டே வந்திருக்காரு, மூணு அடி எறங்கி அதுல முட்டி நின்னுச்சு. "எனக்கு எந்த மிசின் மேலயும் நம்பிக்கை இல்லப்பா"ன்னாரு. 

மொதல்ல கயிறு டிரம்முல தலைகீழா சுத்தியிருக்கோன்னு பாத்தோம், ஏன்னா இந்த மாதிரி வின்ச்சுல பிரேக்கு ஒரு பக்கமாத்தான் புடிக்கும். கயிறு டிரம்முக்கு அடியில இருந்து வரணும்னா அடியில இருந்துதான் வரணும், மேல இருந்து வந்துச்சுன்னா இழுக்கறப்ப பிரேக்கு உரசிக்கிட்டே இருக்கும், விட்டா புடிக்காது. மோட்டார் வயரு மாத்தி மாட்டுனாலும் இதே குழப்பம்தான், சுவிட்சுல "இன்"னு போட்டா வெளிய வரும், உடனே நம்ம ஆளுங்க கயித்தைத் திருப்பிச் சுத்திருவாங்க, வயரைத் திருப்ப மாட்டாங்க. போட்டோவைப் பாத்தோம், என்ரது ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு. அப்ப திரும்பக் கழட்டு.

பிரேக்கு எப்படி வேலை செய்யுதுன்னு அன்னைக்குத்தான் குத்த வெச்சு உக்காந்து பாத்தேன். ரெண்டு கட்டை, உச்சியில லைனிங்கு, நடுவுல சரிவு வெட்டுன கேம், ஒரு சுருள் ஸ்பிரிங்கு. மோட்டார் இழுக்கற பக்கம் சுத்துனா கேம் எளகி கட்டை சும்மா கூடவே சுத்தும். பட்டனை விட்டதும் லோடு டிரம்மைப் பின்னாடி திருப்பப் பாக்கும், அந்தத் திருப்பே கேமைச் சரிவுல ஏத்தி கட்டையை வெளிய தள்ளி டிரம்மோட உள்சுவத்தைக் கவ்வ வெக்கும். லோடு எச்சாக எச்சாக கவ்வலும் எச்சாகும். அவ்வளவு அருமையான ஏற்பாட்டை ஒரு கை கிரீஸுல வழுக்க வுட்டுட்டேன். பெட்ரோல்ல கழுவுனேன், தின்னர்ல கழுவுனேன், அடுப்புல காட்டுனா லைனிங்குல இருந்து கிரீஸு வேர்வை மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. ஊறுனது ஊறுனதுதான். சங்ககிரியில லாரி பிரேக் லைனிங் அடிக்கற பட்டறை ஒண்ணுல அளவு குடுத்து புது லைனிங் வெட்டி ஒட்டி ரிவெட்டும் அடிச்சு வாங்குனேன், மச்சான் டிரம்மு உள்பக்கத்தை லேத்துல புடிச்சு கண்ணாடி மாதிரி இருந்த வழவழப்பை மட்டும் எடுத்துக் குடுத்தாரு. இந்தவாட்டி தண்டுக்கு வெரல் நுனியில தொட்ட மாதிரி கொஞ்சூண்டு கிரீஸு, பிரேக்கு எலும்பாட்டம் காஞ்சு இருக்கணும்னு துணியில தொடச்சுத் தொடச்சு மாட்டுனேன். அதே சரிவு, அதே டிரெய்லர், இப்ப பதினஞ்சு மூட்டை. பட்டனை விட்டேன், ஒரு விரக்கடை கூட நகரல. மாமா அப்பவும் கல்லை எடுக்கல.

பிரேக்கு டிரம்முக்குள்ள இருக்கறதாலதான் கயிறும் கம்பியாவே போட்டேன். இப்ப எல்லாரும் சிந்தடிக் கயிறு சொல்றாங்க, எடை கம்மி, அறுந்தா அவ்வளவா அடிக்காது, எல்லாம் நெசம். ஆனா லோடோட கயித்தை வெளிய விடறப்ப பிரேக்கு உரசி டிரம்மே சூடாகும், அந்த நாரு 150 டிகிரி வாக்குல உருகிரும், அதுக்கு நெம்ப முன்னாடியே பலமும் போயிரும். அது போக நம்ம தடத்துல கல்லும் கருவேல முள்ளும். 8 எம்எம் கம்பி, 7 பிரி, பிரிக்கு 19 இழை இருக்கறது, அதுதான் டிரம்முல வளைஞ்சு குடுக்கும். மொத சுத்து சுத்தறப்ப சும்மா சுத்தக் கூடாது, ஜீப்பைச் சரிவுல விட்டு லேசா பிரேக்கு மிதிச்சுக்கிட்டு தன்னைத்தானே இழுக்க வெச்சு இறுக்கமா சுத்தணும், இல்லீன்னா மேல் சுத்து அடிச் சுத்துக்குள்ள போயி மாட்டிக்கும். எப்ப இழுத்தாலும் டிரம்முல அஞ்சு சுத்தாவது மிச்சம் இருக்கணும், கயித்து முனையில இருக்கற சின்ன போல்ட்டு லோடு தாங்காது. இன்னொரு கணக்கு, அந்த 9000 பவுண்டு மொத அடுக்குக்குத்தான், மேல மேல சுத்து ஏறுனா பலம் கொறஞ்சுக்கிட்டே வரும், நாலாவது அடுக்குல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிரும். அதனால பக்கத்துல மரம் இருந்தாலும் தூரத்து மரத்துல கட்டறதுதான் புத்தி.

கப்பி ஒண்ணு கண்டிப்பா வாங்கிக்குங்க. கவலையில மேல கப்பி நெலையா இருக்கும், அது திசையை மட்டும்தான் மாத்தும், மாட்டுக்கு சொமை கொறையாது. இங்க மரத்துல பெல்ட்டு போட்டு கப்பியை மாட்டி கயித்தைத் திருப்பி நம்ம வண்டி கொக்கியிலயே போட்டா, வண்டியை ரெண்டு கயிறு இழுக்குது, பலம் ரெண்டு பங்கு, வேகம் பாதி. மரத்துக்கு நேரா கம்பியைச் சுத்தாதீங்க, தென்னை பட்டுப் போயிரும், அகலமான பெல்ட்டுதான்.

மாட்டறதுல ஒரு சட்டச் சங்கதி. 2017 டிசம்பர்ல மத்திய போக்குவரத்து அமைச்சகம் முன்னாடி போடற கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம்னு மாநிலங்களுக்கு எழுதிருச்சு. அதனால பம்பருல நிரந்தரமா பற்றவெக்காம, சேஸிஸுல போல்ட்டு போட்ட கொண்டியில சொருகி எடுக்கற மாதிரி ஒரு தொட்டில் பண்ணி, தோட்டத்துக்குள்ள மட்டும் மாட்டிக்கறேன். முப்பது கிலோவுக்கு மேல வருது, தூக்கறப்ப இடுப்பு புடிச்சா என்னைத் திட்டாதீங்க.

தண்ணி தெறந்த மூணாவது நாளே வேலை வந்துச்சு. நாட்டுச்சக்கரை மூட்டை ஏத்துன ஒரு டாட்டா ஏஸ், ரெண்டு பின் டயரும் ஆக்சில் வரைக்கும் சேத்துல. கப்பி போட்டு, கயிறு அறுந்தா விசிறி அடிக்காம இருக்க அது நடுவுல நனைஞ்ச சாக்கு ரெண்டைத் தொங்க விட்டு, வேடிக்கை பாக்க வந்த பசங்களை வேலியைத் தாண்டி அனுப்பிட்டு இழுத்தேன், சேறு "ப்ளக்"குனு ஒரு சத்தம் போட்டு வுட்டுச்சு. டிரைவர் பையன் அரை மூட்டை சக்கரை குடுத்தான், வேண்டாம்னு சொல்ல மனசு வரல.

அது ஊருல பரவி, போன மாசம் ஒருத்தர் வந்தாரு, கெணறு தூர் வாரணும், கிரேன் செட்டுக்காரன் வாடகை எச்சு கேக்கறான், உங்க வின்ச்சுலயே ஆளுகளை எறக்கி ஏத்திக்கலாங்களான்னு. வேண்டவே வேண்டாமுங்கன்னேன். இது வண்டி இழுக்கறதுக்குச் செஞ்சது, ஆளைத் தூக்க இல்லை, எறக்க எறக்க பிரேக்கு சூடேறும், சூடேறுனா வழுக்கும். அவருக்கு நம்பிக்கை இல்லை, குடுக்க மனசு இல்லாம சாக்குச் சொல்றேன்னு நெனைச்சுட்டாரு. ஷெட்டு ஆணியில மாட்டி வெச்சிருந்த அந்தப் பழைய பிரேக்குக் கட்டையை எடுத்துக் கையில குடுத்தேன். கட்டை வெரலால ஒரு தேய் தேச்சுப் பாத்தாரு, ஒரு வருசம் ஆகியும் வெரல் மினுமினுன்னு இருக்கு. ஒண்ணும் பேசல, வேட்டியில வெரலைத் தொடச்சுக்கிட்டு, கிரேன் செட்டுக்காரர் நம்பர் இருந்தா குடுங்கன்னாரு.